பருத்திக்கு ஒரு கடல்

(கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றே சுருக்கிச் செப்பம் செய்யப்பட்டது.)



பருத்திப் பூச்சிகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் எழுதியதும் அமைப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், எங்க தீவுல பருத்தியே கிடையாதே. தென்னையில விழுற காண்டாமிருக வண்டைப் பத்திப் பேசினா நாலு பேருக்குப் பயன்படும்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நியாயமான பேச்சுதான். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊரில் பருத்திக் காய் எப்படி வெடிக்கும்? வெடித்தாலும் பஞ்சு நனைந்து, கறுத்து, முளைவிட்டுப் போகும். காய் வெடிக்கிற நேரத்தில் வெயில் வேண்டும். அது இங்கே கிடைக்காது.

ஆனாலும் பருத்தியையே பிடித்துக்கொண்டேன். காரணம் இரண்டு. முதல் காரணம் நீங்கள். 1969 முதல் இங்கே குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்கள் எங்கிருந்து வந்தன? பஞ்சாப், மகாராஷ்டிரா, ஆந்திரா, கர்நாடகா, நம் தமிழ்நாடு. எல்லாமே பருத்தி விளையும் மாநிலங்கள். கோவிந்த் நகரிலும் விஜய் நகரிலும் இருப்பவர்களின் பெரியப்பா மக்கள், மாமன் மக்கள் சிலராவது இன்றைக்கும் அந்த மண்ணில் பருத்தி போட்டுக்கொண்டிருப்பார்கள். முன்வரிசையில் இருக்கும் சர்தார்ஜி ஒருவருக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா நான் பேசுவதை இந்தியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்காக நான் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன்.

இரண்டாவது காரணம், இன்று காலையில் பார்த்தது. நான் தங்கியிருக்கும் வீட்டுக் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு வெண்டைச் செடி இருக்கிறது. முற்றி வெடித்த காய் ஒன்றில் சிவப்பாக ஏதோ மொய்த்தது. குனிந்து பார்த்தேன். சிவப்பு உடம்பு, முதுகில் இரண்டு கறுப்புப் பொட்டு, வயிற்றில் வெள்ளைக் கோடு. ஒரு ஜோடி வாலோடு வால் ஒட்டி, ஒன்று முன்னே இழுக்க இன்னொன்று பின்னாலேயே நகர்ந்தது. சிவப்புப் பருத்திப் பூச்சி. அதன் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. பருத்தி இல்லாத தீவில் அது வெண்டையில் குடித்தனம் நடத்துகிறது. கடற்கரையில் உங்களுக்குப் பூவரசு இருக்கிறது, நீர்ப்பருத்தி இருக்கிறது. எல்லாம் பருத்தியின் பங்காளிகள். ஆக, பூச்சி தயாராகக் காத்திருக்கிறது, பயிர்தான் வரவில்லை.

இந்தக் காட்சியிலிருந்தே நான் சொல்ல வந்ததைத் தொடங்கிவிடலாம். பூச்சியால் பருத்தியின் விளைச்சலும் தரமும் எவ்வளவு கெடும் என்பதை மருந்துக் கடையோ விதைப் பொட்டலமோ முடிவு செய்வதாக நாம் நினைக்கிறோம். நாற்பது வருடம் இந்தப் பூச்சிகளோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்குப் படுவது வேறு. செடி வயலில் எத்தனை நாள் பச்சையாக நிற்கிறது, ஒரு பயிருக்கும் அடுத்த பயிருக்கும் நடுவே எத்தனை நாள் வயல் வெறுமையாகக் கிடக்கிறது என்ற கணக்கே பெரும்பகுதியை முடிவு செய்கிறது. உங்கள் தீவைச் சுற்றிக் கடல் இருக்கிறது. விருதுநகர்க்காரர் வயலைச் சுற்றி அது கிடையாது. அந்தக் கடலை அவர் நாட்களால்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

1. எடையில் தெரியாத நட்டம்

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காடு. பருத்தி எடுக்கும் நாளில் சாயங்காலம் அம்மா திண்ணையில் உட்கார்ந்து மடியை அவிழ்த்துக் கொட்டுவார். அதிலிருந்து மூன்று குவியல் பிரியும். வெள்ளைவெளேர் என்று பூத்துக் கிடப்பது ஒன்று. இலைத்தூசி ஒட்டியது இன்னொன்று. மூன்றாவது கொட்டு. கொட்டு என்றால் பாதி வெடித்து, பாதி மூடி, சுளை ஒட்டிக்கொண்டு, மஞ்சளும் பழுப்புமாக இருக்கிற பருத்தி. விரலால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். நகக்கண்ணில் காயின் முனை குத்தும். அம்மா அந்தக் குவியலைக் கையிலெடுக்கும்போது மட்டும் எதுவும் பேசமாட்டார்.

இன்றைக்கும் நாமக்கல், திருச்செங்கோடு, கொங்கணாபுரம் ஏலச் செய்திகளைப் பாருங்கள். பி.டி. ரகம் இவ்வளவு, டி.சி.எச். ரகம் இவ்வளவு என்று போட்டுவிட்டுக் கடைசியில் கொட்டுப் பருத்தி என்று ஒரு விலை வரும். பல நாட்களில் அது நல்ல பருத்தியின் விலையில் பாதிக்கும் கீழே இருக்கும். பூச்சி விழுந்ததால் ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் குறைந்தது என்று அரசாங்கம் கணக்கெடுக்கும். வந்த குவிண்டாலில் எவ்வளவு கொட்டாகப் போனது என்பதை யார் கணக்கெடுக்கிறார்கள்? அந்த நட்டம் தராசில் ஏறாது. அது விலைச்சீட்டில் வந்து விழும், விவசாயி மட்டுமே அதைப் பார்ப்பார்.

கெடுப்பதில் ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு வழி உண்டு. தத்துப்பூச்சி இலையின் சாற்றை உறிஞ்சும். ஓரம் மடங்கி, சிவந்து, செடி குன்றும். பச்சைக் காய்ப்புழு சப்பை என்கிற பூமொட்டையும் பிஞ்சையும் துளைத்து உதிர்க்கும். இவை பெரும்பாலும் எடையைக் குறைப்பவை. நான் காலையில் பார்த்த சிவப்புப் பூச்சி வேறு ரகம். காய்க்குள் ஊசிவாயைச் செருகி விதையை உறிஞ்சும்போது ஒரு பூசணத்தையும் உள்ளே விட்டுவிடும். பஞ்சு மஞ்சளாகக் கறைபடும். சலவையிலும் அந்தக் கறை முழுதாகப் போகாது.

வெள்ளை ஈயும் அசுவினியும் செய்வது அதைவிட நுட்பமான வேலை. உறிஞ்சிய சாற்றில் மிஞ்சிய சர்க்கரையைத் துளித்துளியாகக் கீழே விடும். வெடித்து நிற்கிற காயின் மேல் அது தேன் மாதிரி விழும். அதன்மேல் கரும்பூசணம் படரும். பூசணம் படராவிட்டாலும் ஆபத்துதான், ஏனென்றால் கண்ணுக்குப் பஞ்சு வெள்ளையாகவே தெரியும். ஜின்னிங் பாக்டரியைத் தாண்டிக் கோயம்புத்தூர் நூற்பாலைக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வரும். உருளைகளில் பஞ்சு சுற்றிக்கொள்ளும், இழை அறுந்துகொண்டே இருக்கும், ஓடுகிற எந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். சூடான் நாட்டின் கெசீராப் பருத்தி நீண்ட இழைக்குப் பேர்போனது. இந்த ஒட்டும் குணத்தால் உலகச் சந்தையில் அதற்கும் பல வருடம் விலை இறங்கியது. ஆலைக்காரர் எந்த வயலில் வெள்ளை ஈ வந்தது என்று தேடிக்கொண்டு போகமாட்டார். அந்த ஊர்ப் பருத்தி முழுவதற்கும் ஒரே பேர் விழும். மருந்தடித்துக் காப்பாற்றியவரும் சேர்ந்து விலை இழப்பார்.

2. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் புழு

நேரத்தில் பெரும்பகுதியை இந்த ஒரு புழுவுக்கே கொடுக்கப்போகிறேன். மற்றவை கோபித்துக்கொள்ளாது.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு. தாய் அந்துப்பூச்சி சாம்பல் கலந்த பழுப்பு. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. சப்பையிலோ பூவிலோ காயின் அடிப்பக்கத்திலோ முட்டை வைக்கும். பொரித்த புழு வெள்ளையாக, தலைமயிர் கனத்தில் இருக்கும். சில மணி நேரத்துக்குள் காயைத் துளைத்து உள்ளே போய்விடும். அது போன ஓட்டையைக் காயே வளர்ந்து மூடிவிடும்! அதன் பிறகு வெளியே எவ்வளவு மருந்து அடித்தாலும் அதற்குத் தெரியாது. உள்ளே விதையைத் தின்னும். ஒரு விதையிலிருந்து அடுத்த விதைக்குப் போகப் பஞ்சை அறுத்துக்கொண்டே போகும். வளர்ந்து முடியும்போதுதான் உடம்பு இளஞ்சிவப்பாகும். பூவுக்குள் இருந்தால் இதழ்களைப் பட்டிழையால் ஒன்றாகத் தைத்துவிடும். பூ விரியாமல் ரோஜா மொட்டு மாதிரி நிற்கும். பார்க்க அழகாக இருக்கும் அந்தப் பூவை நாங்கள் பறித்து நசுக்கச் சொல்வோம்.

ஒரு காயை நகத்தால் பிளந்து பாருங்கள். நாலு சுளையில் ஒன்று மட்டும் பழுப்பேறிச் சுருங்கியிருக்கும். மற்ற மூன்றும் வெடிக்கும், இது வெடிக்காது. எடைக்கு மூன்று பங்கு வந்தாலும் எடுப்பவர் கையில் நாலும் சேர்ந்தே வரும், நல்லதையும் கறைப்படுத்திக்கொண்டு. விதையும் போனது என்றால் முளைப்பு போனது, எண்ணெய் போனது, மாட்டுக்கு ஆட்டிக் கொடுக்கிற பருத்திக்கொட்டையும் சாவியாகப் போனது.

பருவம் முடிகிற நேரத்தில் இந்தப் புழு ஒரு காரியம் செய்யும். இரண்டு விதைகளைப் பட்டிழையால் சேர்த்துத் தைத்து நடுவே குடைந்து, உள்ளே சுருண்டு தூங்கிவிடும். இரட்டை விதை என்போம். அந்தத் தூக்கம் மாதக்கணக்கில் நீளும். வயலில் விட்டுப்போன சொத்தைக் காயிலும், வீட்டுக் கொல்லையில் விறகுக்கு அடுக்கிய காய்ந்த செடியான பருத்திமாரிலும், ஜின்னிங் பாக்டரியின் விதைக் குவியலிலும் அது தூங்கும். அது ஊர் ஊராகப் போனது இப்படித்தான். 1840களில் குஜராத்தின் பரூச்சில் பருத்தியைக் கெடுக்கிறது என்று சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் பெயரிட்டு விவரித்த பூச்சி இது. 1906-07 வாக்கில் இந்திய விதையோடு எகிப்துக்குப் போனது. 1911இல் எகிப்திய விதையோடு மெக்சிகோவுக்கு. 1917இல் டெக்சாஸில் தலைகாட்டியது. கப்பலில் பயணச்சீட்டு இல்லாமல் இவ்வளவு தூரம் போனவர்கள் குறைவு. உங்கள் ஜெட்டியில் இறங்குகிற ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால் இப்படி ஒரு சாத்தியம் இருக்கிறது என்பதைத் தென்னை, பாக்கு வைத்திருப்பவர்களும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

தூக்கத்திலிருந்து எழுந்து அந்துப்பூச்சியாக வெளியே வரும்போது வயலில் சப்பை இருந்தால் குடும்பம் பெருகும். இல்லாவிட்டால் சில நாளில் செத்துவிடும். பச்சைக் காய்ப்புழுவுக்குத் துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று பத்து வீடு உண்டு. இதற்குப் பருத்தியை விட்டால் வெண்டை, பூவரசு மாதிரி ஒன்றிரண்டு ஒண்டுக்குடித்தனம்தான். நான் நாட்களைப் பற்றிப் பேசுவது இதனால்தான்.

3. 1919இல் தெரிந்த விஷயம்

இதை நான் கண்டுபிடித்ததாக நினைத்துவிடாதீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி நம் பக்கம் வந்தது. கருங்கண்ணியையும் உப்பத்தையும் விட நீண்ட இழை, நல்ல விலை. தண்ணீர் காட்டினால் செடி சாகாது. அப்படியே விட்டு அடுத்த போகத்துக்கும் கட்டைப் பருத்தியாக எடுக்கலாம். விவசாயிக்கு லாபம், பூச்சிக்கு அதைவிட லாபம். தண்டின் அடியைக் குடைந்து முடிச்சுப்போட வைக்கும் தண்டுக் கூன்வண்டும் காய்ப்புழுக்களும் இடைவெளியே இல்லாமல் பெருகின. சென்னை மாகாண அரசு 1919இல் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்கீழ், குறித்த தேதிக்குள் பருத்திச் செடியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று உத்தரவானது. பிடுங்காவிட்டால் அதிகாரி வந்து பிடுங்குவார், செலவு உங்கள் தலையில்.

அடித்துப் பிடுங்க வைக்கும் சட்டங்களில் எனக்குப் பெரிய காதல் இல்லை. ஆனால் அதை எழுதியவர்களுக்கு இன்றைய மருந்துகளில் ஒன்றுகூடக் கையில் இல்லை. பூச்சியின் நாள்காட்டி மட்டும் தெரிந்திருந்தது.

பிறகு மருந்து வந்தது, நாள்காட்டி மறந்தது. 1970களில் கலப்பினப் பருத்தி பரவியது. 1980களில் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் வந்தன. சாகுபடிப் பரப்பில் 5 சதவீதம் உள்ள பயிர், நாட்டின் பூச்சிமருந்தில் ஏறத்தாழப் பாதியைக் குடித்த காலம் அது. மருந்து, வெள்ளை ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகளையும் கொன்றது. 1980களின் நடுவில் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் வெள்ளை ஈ பெருகியது; 1987இல் பச்சைக் காய்ப்புழு. எத்தனை தடவை அடித்தாலும் சாகவில்லை. கடன்பட்டவர்கள் அதே மருந்தைக் குடித்தார்கள். ஆந்திராவிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

4. நீண்டுபோன பருவம்

2002 மார்ச்சில், காய்ப்புழுவைக் கொல்லும் மரபணு சேர்த்த பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. 2006இல் இரண்டு மரபணு சேர்த்த இரண்டாம் தலைமுறை. பச்சைக் காய்ப்புழு அடங்கியது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2002-03 வாக்கில் ஹெக்டேருக்கு 300 கிலோவை ஒட்டியிருந்த பஞ்சு விளைச்சல், 2007-08இல் 550ஐத் தாண்டியது. பாசனமும் உரமும் புது நிலமும் அதில் பங்கு கேட்கும், கொடுத்துவிடலாம். சில ஆண்டுகளில் சராசரி திரும்ப 450 பக்கம் இறங்கியது. இறக்கியவர்களில் நம் இளஞ்சிவப்பு நண்பரும் உண்டு. 2010இல் குஜராத்தின் நாலு மாவட்டங்களில் முதல் மரபணுவுக்கு அது பழகிவிட்டதென்று விதை நிறுவனமே அறிவித்தது. 2014-15இல் இரண்டாவதையும் தாண்டியது. 2017இல் மகாராஷ்டிரா முழுக்கப் பரவியது.

ஏன் இவ்வளவு சீக்கிரம்? மற்ற நாடுகளில் பி.டி. மரபணுவைச் சாதாரண ரகங்களில் வைத்தார்கள். நாம் பெரும்பாலும் கலப்பினத்தில் வைத்தோம். விதை விலை அதிகம். அதனால் தள்ளித் தள்ளி நட்டோம். தள்ளி நட்ட செடி பெரிதாகி, 180 நாள், தண்ணீர் இருந்தால் 200 நாளுக்கும் மேலே நின்றது. முதல் எடுப்பும் இரண்டாம் எடுப்பும் நன்றாக வரும். மூன்றாம், நான்காம் எடுப்புக் காய்கள் எல்லாம் புழு பெருகி முடிந்த காலத்தில் பிடித்தவை. கொட்டு அங்கிருந்துதான் வருகிறது. விளைச்சல் வேண்டும் என்று நீட்டிய அந்த 40, 50 நாளில் வந்த பருத்தி, முன்னால் எடுத்த நல்ல பருத்தியின் மதிப்பையும் அம்பாரத்தில் கலந்து இறக்குகிறது. அடுத்த பருவத்துக்கான புழுவையும் அந்த நாட்களே வளர்த்துவிட்டுப் போகின்றன. விதைப் பெட்டியோடு வந்த பி.டி. இல்லாத சின்னப் பொட்டலத்தை வயலின் ஓரத்தில் விதைத்தால் பழகாத பூச்சிகளும் கொஞ்சம் பிழைத்துக் கலந்திருக்கும். பலர் அதை வரப்பில் எறிந்தார்கள்.

அதே 2017இல் யவத்மாலில் ஆளைவிட உயரமாக வளர்ந்த பருத்திக்குள் புகுந்து மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டவர்கள் நஞ்சேறி இறந்தார்கள். செடி தலைக்கு மேல் நின்றால் மருந்து முகத்தில் விழும். செடி ஏன் அவ்வளவு உயரம், ஏன் அவ்வளவு நாள் என்று கேட்டவர்கள் குறைவு. நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கேசவ் கிராந்தி கேட்டார். குறுகிய காலப் பருத்திக்கு மாறுங்கள் என்று தொடர்ந்து எழுதியும் வந்தார்.

பஞ்சாபில் 2015இல் பருத்தியைத் தாக்கிய வெள்ளை ஈயிலும் இந்த நாள்கணக்கு உண்டு. தாமதமாக விதைத்த வயல்களில் செடி இளசாக இருக்கும்போதே ஈ உச்சத்துக்கு வந்தது. அதனால்தான் மே 15க்குள் விதைப்பை முடித்துவிடுங்கள் என்கிறார்கள்.

நம் காவிரி டெல்டாவின் நெல் தரிசுப் பருத்தியையும் பாருங்கள். சம்பா, தாளடி அறுத்த வயலில் விதைத்து, நாலு, நாலரை மாதத்தில் எடுத்து, உழுதுவிட வேண்டும். பின்னால் நெல் காத்திருக்கிறது. அங்கேயும் பூச்சி உண்டு. ஆனால் அந்த வயலில் பருத்தி இல்லாத மாதங்களே அதிகம், அதிலும் பாதி நாள் தண்ணீர் நிற்கும். காவிரி வருடத்துக்கு ஒருமுறை அங்கே ஒரு கடலைக் கொண்டுவந்து வைக்கிறது.

5. அழித்துக் காட்டியவர்கள்

2018 அக்டோபரில் அமெரிக்கா, தன் பருத்தி நிலங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்தது என்று அறிவித்தது. நூறு வருடப் போர். மலட்டு அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து தூவினார்கள், கவர்ச்சிப் பொறி வைத்தார்கள், பி.டி. விதைத்தார்கள். அத்தோடு குறித்த தேதிக்குள் செடியை நொறுக்கி உழுதார்கள். நம் 1919 சட்டத்தின் அதே சரக்கு. அங்கே ஒரு விவசாயிக்கு ஆயிரம் ஏக்கர், உழுவதற்குப் பெரிய டிராக்டர். இங்கே இரண்டு ஏக்கர்க்காரரிடம் டிசம்பரில் செடியைப் பிடுங்கு என்றால், தை பிறந்தால் விலை ஏறும், இன்னும் இரண்டு எடுப்பு வரும் என்பார். பருத்திமார் அவர் வீட்டு விறகு. பிடுங்கக் கூலியாள் வேண்டும். அவர் சொல்வதில் ஒன்றுகூட முட்டாள்தனம் இல்லை. அந்தக் கடைசி இரண்டு எடுப்பை ஊருக்காக விட்டுக்கொடுக்கும் நட்டத்தை அவர் ஒருவரே ஏன் சுமக்க வேண்டும்? செடியை நொறுக்கும் எந்திரத்தை ஊருக்கு ஒன்று வாங்கி வைத்தால் ஆகும் செலவு, மருந்துக்குப் போகும் மானியத்தைவிடப் பெரிதாக இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

பேச்சு முடிந்ததும், முன்வரிசையில் இருந்த சர்தார்ஜி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அதையும் இங்கே சேர்க்கிறேன். பட்டிண்டா பக்கம் அவருடைய தம்பி மகன் பருத்தி போடுகிறாராம். மாரை வயலோரத்தில் மலைபோல் அடுக்கி வருடம் முழுக்க அடுப்பெரிக்கிறார். அதைக் கொளுத்தச் சொல்லவா என்றார்.

கொளுத்த வேண்டாம் என்றேன். அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டையும் தரையில் அடித்து ஒட்டியிருக்கும் காய்களை உதிர்க்கட்டும். உதிர்ந்ததை மட்டும் எரிக்கட்டும். மாரை வயலை விட்டுத் தள்ளி, படுக்கப் போடாமல் நிமிர்த்தி வைக்கட்டும், வெயில் படும். சித்திரை விதைப்புக்கு முன் எரித்துத் தீர்க்கட்டும். பக்கத்தில் இருந்த அம்மா இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் அவர் கைபேசியை எடுத்துவிட்டார். ஏற்புரை, நன்றியுரை எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் நின்று பஞ்சாபியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையால் கட்டைத் தூக்கித் தரையில் அடித்துக் காட்டிக்கொண்டே.